கோட்டைத் தொட்டுத் திரும்புகிறவர்கள்

எங்கள் திருமங்கலத்துக்காரர்களுக்குக் கடல் என்றால் கன்னியாகுமரி. கன்னியாகுமரி என்றால் சூரியோதயம். சமுத்திர சாஸ்திரத்தில் இதற்கு மேல் அவர்களுக்குப் பாடம் கிடையாது. படிக்க வேண்டும் என்ற கவலையும் கிடையாது. இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு காரில் ஏறுகிறார்கள். நாலுவழிச் சாலையில் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு, திருநெல்வேலி, நாங்குநேரி என்று ஊர்களெல்லாம் வெறும் பெயர்ப் பலகைகளாக ஓடி மறைகின்றன. ஏறத்தாழ 220 கிலோமீட்டர். விடிவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்து, சூரியனுக்காகக் காத்திருந்து, அது வந்ததும் அதற்கே முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிறார்கள். கேட்டால், “கடற்கரைப் பிரயாணம் போய் வந்தோம்” என்கிறார்கள்.

இதைப் பிரயாணம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சடுகுடு ஆடுகிறவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிக் கோட்டைத் தொட்டுத் திரும்புகிறானே, அந்தக் காரியத்தைத்தான் இவர்கள் கடலிடம் செய்துவிட்டு வருகிறார்கள்.

கன்னியாகுமரிக்கு இன்னொரு வழி இருக்கிறது. திருமங்கலத்திலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போய், எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடியில் இறங்குங்கள். அங்கே ஆரம்பிக்கிறது கடற்கரைச் சாலை. இரு பக்கமும் உப்பளங்கள். பனையோலை போர்த்திய வெள்ளைக் குவியல்கள். வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் பாத்திகளில் வெறுங்காலோடு உழைக்கும் ஆண்களும் பெண்களும். அப்புறம் தாமிரபரணி, அதைத் தாண்டினால் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்கள். காயல்பட்டினம் வருகிறது, திருச்செந்தூர் வருகிறது. குலசேகரன்பட்டினத்தைக் கடந்தால் மணப்பாடு. கடலுக்குள் மூக்கை நீட்டிய மேடு, அதன் உச்சியில் பழைய மாதா கோயில், கீழே இரவு பகல் ஓயாமல் மோதும் அலை. சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542-ல். உள்பக்கம் திரும்பினால் செக்கச்செவேலென்ற தேரிக்காடும் பனைக்கூட்டமும். பிறகு உவரி, இடிந்தகரை. குமரிமுனையோடு நின்றுவிடாமல் மேற்கே திரும்பினால் முட்டம், கடியபட்டினம், குளச்சல். முட்டத்தில் பாறையும் கடலும் போடும் சண்டையைப் பார்க்க யாரும் அந்நிய நாட்டுக்குக் கப்பல் ஏற வேண்டியதில்லை. அதையும் நம்மவர்கள் 1981-ல் ‘அலைகள் ஓய்வதில்லை’ என்ற சினிமாவில் பார்த்த பிறகுதான் பாறை என்று ஒப்புக்கொண்டார்கள்!

“எங்களுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? நாங்கள் கரிசல் காட்டுக்காரர்கள்” என்று சொல்லுகிறவர் உண்டு. மதுரையை ஆண்ட பாண்டியனின் கொடியில் இருந்தது பருத்திச் செடியா, நெற்கதிரா? மீன் அல்லவா! அவனுடைய துறைமுகம் கொற்கை. அங்கே குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளித்தார்கள் என்று முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதி வைத்திருக்கிறான். மதுரையின் செல்வத்தில் பெரும் பங்கு கடலின் அடியிலிருந்து மூச்சடக்கி எடுத்து வந்தது. இன்று கொற்கையை விட்டுக் கடல் பல கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. நாம் அதைவிட அதிகமாக விலகிவிட்டோம்.

விலகினால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அவற்றில் இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு மேலே இல்லை. அலையைத் தடுத்து நின்ற பவளப்பாறைகளை வருஷக் கணக்காக வெட்டிச் சுண்ணாம்புக்கு எடுத்ததன் பலன் அது. வைகை அணையில் இரண்டடி தண்ணீர் குறைந்தால் எங்கள் ஊர் டீக்கடைகளில் பேச்சு ஓயாது. இரண்டு தீவுகள் மூழ்கியதைப் பற்றி ஒரு நாளாவது பேசினோமா? தென்கடலோரத்தில் கனிமத்துக்காக மணலை அள்ளிக்கொண்டே போனார்கள். 2013-ல் அரசாங்கம் நிறுத்திவைக்கும்வரை நமக்கு அது ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. 2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர் எத்தனையோ பேர் திரும்பவில்லை. எச்சரிக்கை நேரத்துக்கு வந்து சேரவில்லை என்று அவர்களுடைய பெண்டு பிள்ளைகள் குழித்துறையில் ரயிலை மறித்து அழுதார்கள். அந்த வாரத்திலும் நம்மவர்கள் சூரியோதயம் பார்க்கப் போய், மேகமாக இருந்தது என்று குறைப்பட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

நாலுவழிச் சாலையின் மேல் எனக்கு விரோதம் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிக்கும், சந்தைக்குப் போகிற காய்கறிக்கும் அது வேண்டியதுதான். ஆனால் அது நமக்கு ஒரு கெட்ட பாடத்தைக் கற்பித்துவிட்டது. புறப்படுகிற இடத்துக்கும் போய்ச் சேருகிற இடத்துக்கும் நடுவே மனிதர் இல்லை என்பதே அந்தப் பாடம். வழியில் பார்க்காத ஊர், சங்கடத்தில் நினைவுக்கு வராது. ஒரு முறை உவரியில் வலை பின்னுகிறவரிடம் நின்று பேசியவன், அடுத்த புயல் செய்தியைப் பத்திரிகையில் படிக்கும்போது பக்கத்தைத் திருப்ப மாட்டான்.

இதைச் சொன்னவுடன் எங்கள் தெருவில் ஒரு நண்பர் உற்சாகமாகி, “அண்ணே, அந்த ரோட்டையும் நாலுவழியாப் போட்டுட்டா ரெண்டு மணி நேரத்துல எல்லாத்தையும் பாத்துட்டு வந்துரலாமே!” என்றார். இந்த யோசனையைத்தான் நான் எல்லாவற்றையும்விட அதிகமாக எதிர்க்கிறேன்.

சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பாருங்கள். பெயரில் கடற்கரை இருக்கிறது. போகிறவன் கண்ணுக்குத் தெரிவது என்ன? மதில் சுவர், அதை அடுத்து இரும்பு வாயில், அப்புறம் உல்லாச விடுதியின் விளம்பரம், மறுபடியும் மதில் சுவர். கடல் அந்தச் சுவர்களுக்குப் பின்னால், அறை வாடகை கொடுத்தவர்களுக்காகக் காத்திருக்கிறது. சாலை அகலமானால் நிலத்தின் விலை ஏறும்; விலை ஏறினால் வலை உலர்த்தின இடத்தில் வேலி முளைக்கும். 1991-ல் போட்ட கடலோர ஒழுங்குமுறை விதி, கிராமப்புறக் கரைகளில் 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் எழும்பாமல் காத்தது. 2019-ல் அதைத் திருத்தி, ஜன நெருக்கம் மிகுந்த கிராமப்புறங்களில் அந்தத் தூரத்தை 50 மீட்டராகக் குறைக்க வழி செய்துவிட்டார்கள். இத்தனைக்கும் மேல் நாலுவழியும் வந்தால் கேட்க வேண்டுமா?

ஆஸ்திரேலியாவில் மகா சமுத்திரச் சாலை என்று ஒன்று உண்டு. முதல் உலக யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்கள், மாண்டுபோன தோழர்களின் ஞாபகமாக 1919-ல் தொடங்கி 1932-ல் முடித்தார்கள். குன்றை வெட்டிக் கடலை ஒட்டியே போட்ட ஏறத்தாழ 240 கிலோமீட்டர். உலகம் முழுவதிலிருந்தும் ஜனங்கள் அதைப் பார்க்க வருகிறார்கள். பெரும்பாலும் அது இன்றும் இருவழிச் சாலைதான். வளைவுக்கு வளைவு இறங்கி நிற்க இடம் இருக்கிறது. நின்றால் கடல் தெரிகிறது. அதன் கீர்த்திக்குக் காரணம் வேகம் இல்லை.

நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான். குழியில்லாத இருவழிச் சாலை. இருபது கிலோமீட்டருக்கு ஒரு நிழல், குடிக்க நல்ல தண்ணீர், பெண்கள் கூசாமல் போகக்கூடிய கழிப்பிடம். கரையோர ஊர்ப் பெண்களே நடத்தும் பலகாரக் கடை. அங்கே உடன்குடிக் கருப்பட்டி போட்ட காப்பி. எந்த ஊர், அதன் தொழில் என்ன, எந்த வருஷம் கடல் என்ன செய்தது என்று தமிழில் எழுதிய ஒரு பலகை. சாலைக்கும் கடலுக்கும் நடுவே சுவர் எழுப்ப யாருக்கும் உரிமை இல்லை என்ற ஒரே ஒரு கண்டிப்பு. இதற்கு ஆகிற செலவு ஒரு மேம்பாலத்துக்கு ஆகிற செலவில் சிறு பகுதிகூட இராது.

“இரண்டு நாள் ஆகுமே?” என்பார்கள். ஆகட்டும். கல்யாண வீட்டில் மூன்று நாள் உட்கார்ந்து ஊர் வம்பு பேச நேரம் இருக்கிறவர்களுக்குக் கடலோடு இரண்டு நாள் கழிக்க நேரம் இல்லை என்று சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை.

அரசாங்கம் பலகை நட்டுவிட்டுக் கூப்பிடட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். வருகிற லீவில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். உப்பளத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, நாம் தினம் சோற்றில் போட்டுக்கொள்ளும் உப்பு யாருடைய கால் வெடிப்பிலிருந்து வருகிறது என்று அவர்களுக்குக் காட்டுங்கள். கன்னியாகுமரிக்குச் சாயங்காலமோ மறுநாளோ போய்ச் சேரலாம். ஒரு நாள் சூரியோதயம் தவறிப் போனால் ஒன்றும் மோசமில்லை. அது மறுநாளும் வரும். சுவருக்குப் பின்னால் போய்விட்ட கடற்கரை திரும்பி வராது.