புத்தகத்தை மூடச் சொல்லும் ஐந்து நிமிடம்

கந்த சஷ்டிக் கூட்டம் கலைந்ததும் திருச்செந்தூர் வட்டாரப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வுப் பேச்சு தொடங்கிவிடும். கூடவே அறிவுரையும் வந்துவிடும். விடிய நாலு மணிக்கு எழு, கால அட்டவணை போடு, செல்போனைத் தொடாதே, அமைதியான இடத்தில் உட்கார்ந்து படி. போதாததற்கு வெளியூரிலிருந்து ஒருவரை அழைத்துவந்து இதையே இரண்டு மணி நேரம் மைக்கில் சொல்ல வைக்கிறோம். ஆனால் மீனவ ஊர்களான அமலிநகரிலும் ஆலந்தலையிலும் ஒரு வீட்டின் விடியலை முடிவு செய்வது கடலுக்குப் போன வள்ளம். கோயிலுக்குப் போகும் வழியில் கடை போட்டிருப்பவர் பிள்ளைக்குத் திருவிழா வாரத்தில் தேங்காய், பழத்தட்டு அடுக்குவதுதான் கால அட்டவணை. அமைதியான அறை வாய்த்த பிள்ளைக்கோ நம் அறிவுரை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

படிக்கும் பழக்கத்தைப் பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று எதிர்பார்ப்பதை நாம் விட்டுவிடலாம். வகுப்பறையில், நம் பாடவேளைக்குள், நம் கண் முன்னால் பழக்கிக் கொடுக்க வேண்டியது அது.

பத்தாம் வகுப்பு அறிவியலில் சுற்றோட்டப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளையின் புத்தகத்தில் அந்தப் பக்கங்கள் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர் ஓடியிருக்கும். கோடு படாத வரியைத் தேட வேண்டியிருக்கும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வலது ஆரிக்கிளில் தொடங்கி ரத்தம் போகும் வழியை ஒரு அரைத்தாளில் எழுது என்று சொல்லிப் பாருங்கள். வலது வென்ட்ரிக்கிள் வரை வந்து பேனா நின்றுவிடும். “படிச்சேன் சார், மறந்துட்டு” என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. நாலு முறை படித்திருக்கிறாள். படித்ததை ஒருமுறையாவது பார்க்காமல் வெளியே எடுத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். திரும்பத் திரும்பக் கண்ணில் பட்ட வரி தெரிந்த முகம் போல ஆகிவிடுகிறது. தெரிந்த முகத்துக்கெல்லாம் பெயர் தெரியும் என்று மனம் நம்பிவிடுகிறது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் துல்லியமாகக் காட்டியது. ஒரு குழு உரைநடைப் பகுதி ஒன்றை நான்கு சுற்றும் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று படித்து, மூன்று சுற்று பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்கள் 83 சதவீதமும் எழுதியவர்கள் 71 சதவீதமும் நினைவு கூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழ்: படித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் திரும்பத் திரும்பப் படித்த குழுவினர்தான். தேர்வுக்கு முந்தைய இரவில் உருப்போடும் பழக்கம் ஏன் சாகவே மாட்டேன் என்கிறது என்பதற்கு அந்த 83 போதும். மறுநாள் காலை வரைக்கும் அது கைகொடுக்கிறது.

இது அமெரிக்கா சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் விவரிக்கும் திண்ணைப் பள்ளியில், மாலையில் வீட்டுக்குப் போகும் பிள்ளை ஒவ்வொருவனிடமும் உபாத்தியாயர் ஒரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ ஊரின் பெயரோ சொல்லி அனுப்புவார். மறுநாள் வந்ததும் அதைச் சொல்ல வேண்டும். இடையில் ஓர் இரவு. நினைவில்தான் வைத்திருக்க வேண்டும். (அதே திண்ணையில் கோதண்டம் போட்டுப் பிள்ளையைத் தொங்கவிட்டதும் உண்டு, எல்லாச் சாதிக்கும் அங்கே இடம் இருந்ததும் இல்லை. பழையது என்பதற்காக முழுவதையும் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டாம்.) பக்கத்துக் காயல்பட்டினத்தில் குர்ஆனை மனனம் செய்யும் சிறுவர்களுக்கும் புதுப்பாடம் மட்டும் போதாது. சில நாளுக்கு முந்தையதையும் எப்போதோ முடித்ததையும் பார்க்காமல் ஓதிக் காட்ட வேண்டும்.

நன்னூலின் பொதுப்பாயிரம் நமக்கு இன்னும் நெருக்கமானது. அதை எழுதிய பவணந்தியின் கணக்குப்படி, ஆசான் சொன்னதை முழுக் கவனத்தோடு கேட்டவனுக்கும் கிடைப்பது கால் பங்குதான். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால். மிச்சம் அரைப் பங்கு, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருகிறது. நாற்பது நிமிடமும் நாமே பேசிவிட்டு வெளியே வரும்போது இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

“தினமும் ஸ்லிப் டெஸ்ட் வைக்கிறோமே” என்பீர்கள். வைக்கிறோம். நேற்று நடத்தியதை இன்று கேட்கிறோம், மதிப்பெண்ணைப் பதிகிறோம், குறைந்தவனைப் பத்து முறை எழுதச் சொல்கிறோம். பார்த்துப் பார்த்துப் பத்து முறை எழுதுவது பழையபடி படிப்பதுதான்; கை மட்டும் வலிக்கும். அதோடு அந்தப் பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, தை பிறந்ததும் திருப்புதல் தேர்வில் அவிழ்த்துப் பார்த்துத் திகைக்கிறோம்.

செய்யக்கூடியது சிறியது. பாடவேளையின் முதல் ஐந்து நிமிடம் மூன்றே கேள்வி: நேற்றையது ஒன்று, போன வாரத்தது ஒன்று, போன மாதத்தது ஒன்று. புத்தகம் மூடியிருக்க வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் விடை எழுதட்டும். பிறகு பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லிக்காட்டி, புத்தகத்தைத் திறந்து தானே திருத்திக்கொள்ளட்டும். போன மாதத்துக் கேள்வியில் வகுப்பே விழிக்கும். முதல் இரண்டு வாரம் நமக்கே வெறுப்பாக இருக்கும். அந்த விழிப்புதான் வேலை நடப்பதற்கு அடையாளம். போர்ஷன் முடியாது என்ற பயம் நியாயமானது. ஆனால் முடித்த போர்ஷனை ஜனவரியில் முதலிலிருந்து நடத்தும் நாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

புரியாத பாடத்துக்கு இது மருந்தாகாது. இயற்கணிதம் விளங்காத பிள்ளையை மூன்று கேள்வி கேட்டால் மூன்று முறை அவமானப்படுத்தியதாகத்தான் முடியும். அங்கே முதலில் நடத்தத்தான் வேண்டும்.

தலைமை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஐந்து நிமிடத்துக்கு மதிப்பெண் பதிவேடு கேட்காதீர்கள். பதிவேடு வந்த அன்றே பிள்ளை பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கத் தொடங்குவான், ஆசிரியரும் நேற்றைய கேள்வியை மட்டுமே கேட்கத் தொடங்குவார்.