பள்ளிக்கு வராத பிள்ளையா குற்றவாளி?



"ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பில் அக்கறை இல்லை, பெற்றவர்களுக்கோ பொறுப்பே இல்லை." அதிகாரிகள் மேடையில் பேசினாலும் சரி, ஊர்ப் பெரிய மனிதர்கள் டீக்கடையில் பேசினாலும் சரி, இந்த ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். சாமர்த்தியமான பேச்சு! குற்றத்தைப் பட்டினி கிடப்பவன் தலையில் கட்டிவிட்டால், பட்டினி போட்டவன் தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா?

பொங்கல் கழிந்ததும் கூலிக்காரர் தெருக்களுக்குப் போய்ப் பாருங்கள். செங்கல் சூளைக்கு ஆள் ஏற்ற லாரி வந்து நிற்கும். முன்பணம் வாங்கிய குடும்பம் சட்டி பானையோடு ஏறும். பத்து வயதுப் பெண் இடுப்பில் தம்பியோடு ஏறுவாள். ஏன் அம்மா, இவளையாவது விட்டுவிட்டுப் போகக் கூடாதா என்று ஒரு தாயிடம் கேட்டோம். "யார்கிட்ட விட்டுட்டுப் போறது தோழரே? யாரு சோறு போடுவா?" என்று திருப்பிக் கேட்டாள். நம்மிடம் பதில் இல்லை.

மழைக்காலம் நெருங்கும்போதுதான் அந்தக் குடும்பம் ஊர் திரும்பும். அதற்குள் முழுப் பரீட்சையே முடிந்திருக்கும். ஆஜர் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று வரிசையாகக் குறித்திருப்பார்கள். முன்பணம் என்ற விலங்கைக் குறிக்க அந்தப் பட்டியலில் இடம் கிடையாது! கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976ல். லாரி மட்டும் இன்னும் நிற்கவில்லை.

மில் பகுதியின் கதை என்ன? தகப்பனுக்கு இரவு ஷிப்டு, தாய்க்குக் காலை ஷிப்டு. கைக்குழந்தையை யார் பார்ப்பது? மூத்த பெண் பள்ளியை விட்டு நிற்கிறாள். அவள் கொஞ்சம் வளர்ந்ததும் தரகன் வாசலில் வந்து நிற்கிறான். கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூல் மில்கள் பலவற்றுக்கு "சுமங்கலித் திட்டம்" என்ற அழகான பெயரில் பெண்பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனார்களே, மறந்துவிட்டோமா? மூன்று வருஷம் விடுதியில் அடைபட்டு உழைத்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணமாம்! படிப்புக்கு மொத்தப் பணம் தருகிறேன் என்று எந்த முதலாளியாவது வந்ததுண்டா?

இது இன்று நேற்று வந்த சூழ்ச்சி அல்ல. கட்டாயக் கல்வி வேண்டும் என்று கோகலே 1911ல் மசோதா கொண்டுவந்தார். 1912ல் வெள்ளைக்கார சர்க்காரின் சட்டசபையில் அதை ஆதரித்தவர்கள் 13 பேர். தோற்கடித்தவர்கள் 38 பேர்! வெள்ளையன் போனான். 14 வயது வரை எல்லோருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி கொடுக்கப் பத்து வருஷத்துக்குள் முயல்வோம் என்று 1950ல் அரசியல் சட்டம் வாக்களித்தது. அந்தக் கெடு 1960ல் முடிந்தது. கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வந்ததோ 2010ல்! கடன் வாங்கிய கூலிக்காரன் ஒரு தவணை தவறினால் பாத்திரத்தைத் தூக்குகிறார்களே, ஐம்பது வருஷம் தவணை தவறிய சர்க்காரை யார் கேட்டார்கள்?

1953ல் ராஜாஜி சர்க்கார் என்ன செய்தது? கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரை நேரம் பள்ளி, மிச்ச நேரம் தகப்பன் தொழில் என்றது. மக்கள் கொதித்தெழுந்தார்கள், 1954ல் திட்டம் மண்ணைக் கவ்வியது. ஆனால், வாசல் வழியாக விரட்டியதைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவந்துவிட்டார்கள். 2016ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை "உதவலாம்" என்று எழுதி வைத்தார்கள். விடியுமுன் எழுந்து வேலை செய்த பிள்ளை வகுப்பில் தூங்கி விழாமல் என்ன செய்யும்?

இதற்கு மேல் ஒரு சவுக்கடி! ஐந்தாவதிலும் எட்டாவதிலும் பெயிலாக்கலாம் என்று 2019ல் சட்டத்தைத் திருத்தி, 2024 டிசம்பரில் விதியும் போட்டது மத்திய சர்க்கார். பயம் இருந்தால் பிள்ளை படிக்குமாம்! பணக்கார வீட்டுப் பிள்ளை பெயிலானால் டியூஷனுக்குப் போகும். நம் பிள்ளை பெயிலானால் மறு வருஷம் அதே வகுப்பிலா உட்காரும்? லாரியில் உட்காரும்! தமிழ்நாட்டிலும் 2019ல் ஐந்தாவதுக்கும் எட்டாவதுக்கும் பொதுப் பரீட்சை என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு வலுத்தது, 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். 2024ன் பெயில் விதியையும் தமிழ்நாடு ஏற்கவில்லை. எதிர்த்தால் தடுக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அப்படியானால் பிள்ளை எப்போது வரும்? சோறு போட்டபோதெல்லாம் வந்தது! 1920ல் சென்னை ஆயிரம் விளக்கு கார்ப்பரேஷன் பள்ளியில், தலைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் பகல் உணவு போட்டார்கள்; பிள்ளைகள் கூடினார்கள். வெள்ளைக்கார சர்க்கார் செலவுக்குத் தடை போட்டது, உணவு நின்றது. 1956ல் காமராஜர் காலத்தில் மதிய உணவு, 1982ல் சத்துணவு, 2022ல் காலை உணவு. ஒவ்வொரு முறையும், "வீண் செலவு" என்று முணுமுணுத்தவர்கள் வயிறு நிறைந்தவர்களே. காலை உணவை ஐந்தாம் வகுப்பு வரை என்று தொடங்கினார்கள். ஆறாம் வகுப்புக்குப் போனதும் பசி விடைபெற்றுப் போய்விடுமா?

வாத்தியார்கள் நமக்கு எதிரிகள் அல்ல, அவர்களும் உழைப்பாளிகள். இரண்டு மூன்று வகுப்புகளை ஒருவரே கட்டி மேய்த்தால் யாருக்குப் பாடம் ஏறும்? ஆனால் ஒன்று சொல்வோம்: நம் பிள்ளையைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்கிற நாக்கு எங்கே இருந்தாலும் அதைக் கண்டிப்போம். அந்த ஒரு வார்த்தைக்கு அஞ்சி ஓடிய பிள்ளைகள் எத்தனை பேர்!

நம் பக்கமும் குறை உண்டு. சங்கக் கூட்டத்தில் பஞ்சப்படி பேசுகிறோம், போனஸ் பேசுகிறோம், பள்ளிக்கூடம் பேசுகிறோமா? பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். நோட்டு வீட்டுக்கு வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறோமே ஒழிய, கூட்டத்துக்குப் போய்க் கேள்வி கேட்டோமா? நடவுக்கும் பருத்தி எடுக்கவும் பிள்ளையைக் கூட்டிப் போவது இரண்டு காசுக்காகத்தான். ஆனால் பிள்ளையை இறக்கினால் பெரியவன் கூலியும் சேர்ந்து இறங்கும் என்பதை மறக்கலாமா?

ஆகவே ஒவ்வொரு கிளையும் இந்த மாதமே வேலையைத் தொடங்கட்டும். ஊரில் பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள்; பெயருக்கு எதிரே காரணத்தையும் எழுதுங்கள். அதோடு குழுக் கூட்டத்துக்குப் போங்கள்.

நாம் கேட்பது இவைதான்: சூளைக்குப் போகும் குடும்பத்தின் பிள்ளைக்கு ஊரிலேயே விடுதி, அல்லது சூளைப் பக்கத்திலேயே பள்ளி! மில்களில் குழந்தைக் காப்பகம்! எல்லா வகுப்புக்கும் காலை உணவு! வகுப்புக்கு ஒரு வாத்தியார்! பிள்ளை உழைக்காமலே அடுப்பு எரியும்படி பெரியவர்களுக்குக் கூலி!

கூலி உயர்வும் பள்ளிக்கூடமும் இரண்டு போராட்டம் அல்ல, ஒரே போராட்டம். லாரியிலிருந்து நம் பிள்ளையை இறக்குவோம்! பள்ளியில் ஏற்றுவோம்!