வீடும் வளவும்: மெதுவாக வடியும் நீர்



சிட்னியின் ஓரத்திலுள்ள ஹோக்ஸ்பரி, வொலண்டிலி பகுதிகளிலும், மெல்பேணைச் சூழ்ந்த யாரா மலைப்பகுதி, மோர்னிங்ரன் குடாநாடு ஆகிய இடங்களிலும் நகரக் கழிவுநீர்க் குழாய் எட்டாத வீடுகள் இன்னும் பல உள்ளன. அங்கே வளவிற்குள் புதைக்கப்பட்ட செப்ரிக் தொட்டியே வீட்டின் கழிவுநீர் முழுவதையும் ஏற்கின்றது. அத்தகைய வீடொன்றில் வாடகைக்கு இருக்கும் எம்மவர் குடும்பமொன்று அண்மையில் எம்மை அழைத்தது. குளியலறையில் நீர் கணுக்காலளவு தேங்கி, நெடுநேரம் கழித்தே வடிந்தது. ஆறு மாதத்தில் இருமுறை தொட்டியை இறைப்பித்தும் பயனில்லை. மூன்று அறை வீட்டில் உறவினருடன் ஒன்பது பேர் வாழ்வதால், வீட்டுக்காரருக்கு அறிவித்தால் எழும்பச் சொல்லிவிடுவாரோ என்று அஞ்சி, செலவையும் தாமே சுமந்தனர்.

"தொட்டி நிரம்பிவிட்டது" என்று நாம் சொல்வதே பிழையான பேச்சு. செப்ரிக் தொட்டி எப்போதும் நிரம்பியே இருக்கும். பாரமானவை அடியில் சேறாகப் படிகின்றன; எண்ணெய்ப் பசை மேலே ஆடையாக மிதக்கின்றது; நடுவிலுள்ள நீர், உள்ளே வந்த அளவிற்கு வெளியேறி, மண்ணுக்குள் வெட்டிய வாய்க்கால்களிற் சென்று ஊறுகின்றது. ஆகவே நீர் வடிய மறுத்தால் மூன்றில் ஒன்றே காரணமாகும்: குழாய், தொட்டி, அல்லது நிலம். எதுவென்று அறியாமற் பணம் கொடுப்பது நோயறியாமல் மருந்து உண்பதற்கு ஒப்பானது.

முதலில், ஓரிடத்தில் மட்டும் நீர் தேங்குகின்றதா என்று பாருங்கள். குசினித் தொட்டி மட்டுமென்றால் அதன் குழாயே அடைபட்டுள்ளது. பொரித்த எண்ணெய், தேங்காய்ப்பூ, சோற்றுக் கஞ்சி ஆகியவையே எமது வீடுகளில் வழமையான குற்றவாளிகள். எல்லா இடங்களிலும் நீர் மெதுவாக இறங்கி, மலசலகூடத்திற் குமிழிச் சத்தமும் கேட்டால், தடை வெளியே உள்ளது. மழைக்குப் பின் நிலைமை மோசமாகின்றதா, வளவில் ஒரு பட்டையில் மட்டும் புல் செழித்துச் சேறாகி நாறுகின்றதா என்பதையும் கவனியுங்கள். அவ்வாறாயின் நிலம் இனி ஏற்க இயலாதென்று சொல்கின்றது.

தொட்டியைத் திறந்து பார்ப்பது தொழிலறிந்தவரின் வேலை. ஆயினும் அவரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: "நீர்மட்டம் வெளியேறும் குழாய்க்கு மேலா, சமமா?" சமமாக இருந்தால் வீட்டுக்கும் தொட்டிக்கும் இடையில் அடைப்பு. மேலே நின்றால் வெளிவாயிலோ வாய்க்காலோ மறுக்கின்றது. வாய்க்கால் களைத்துவிட்டால் எத்தனை முறை இறைத்தாலும் சில நாட்களில் அதே நிலைதான்.

நாம் சென்ற வீட்டில் நீர்மட்டம் மேலே நின்றது. மலசலகூடத்தின் நீர்ப்பெட்டியில் சாப்பாட்டு நிறச்சாயம் சில துளிகள் விட்டு, அரைமணி நேரம் யாரும் பாவியாமல் வைத்தோம். சாயம் கீழே கிண்ணத்தில் வந்துவிட்டது. இரவு பகலாக ஒழுகிய நீரும், சனிக்கிழமை ஒரே நாளில் தோய்க்கும் ஒன்பது பேரின் உடுப்புகளும் நிலத்தைத் தோய்த்துவிட்டிருந்தன. ஒழுக்கை நிறுத்தி, தோய்ப்பதை வாரம் முழுதும் பகிர்ந்து, கூரை நீரை வாய்க்காலிலிருந்து விலக்கியபின், சில வாரங்களில் நீர் வடியத் தொடங்கியது. தொட்டி மீண்டும் மீண்டும் இறைக்கப்பட வேண்டியதொன்றன்று. பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும். எண்ணெய், ஈரத்துடைப்பான், குழந்தை அணையாடை, அளவுமீறிய பிளீச் ஆகியவற்றை அதற்குக் கொடாதீர்கள். சோடியம் குறைந்த சலவைத்தூள் களிமண் நிலத்திற்கு நல்லது.

இதனை மறைப்பது எமது வளவோடு நிற்கும் விடயமன்று. 1997இல் நியூ சவுத் வேல்ஸின் வாலிஸ் ஏரியிலிருந்து வந்த சிப்பிகளை உண்ட 400க்கும் மேற்பட்டோர் ஹெப்பரைற்றிஸ் ஏ நோயுற்றனர், ஒருவர் இறந்தார். மனிதக் கழிவு ஏரிநீரிற் கலந்ததே காரணம். அதன்பின் 1998இல், செப்ரிக் தொட்டியை இயக்க உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டுமென அம்மாநிலம் விதித்தது. சுண்ணக்கல் நிலத்தில் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் தூரம் பார்த்து வாழ்ந்த யாழ்ப்பாணத்தவர்க்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும்.

வாடகைக்கு இருப்போர் அஞ்ச வேண்டாம். மலசலகூடம் அடைபடுவது நியூ சவுத் வேல்ஸ், விக்ரோரியா ஆகிய இரு மாநிலச் சட்டங்களிலும் அவசரத் திருத்தமாகவே கொள்ளப்படுகின்றது. வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவித்து, அதன் பிரதியை வைத்திருங்கள். வாடகையாளருக்கு இலவச ஆலோசனை தரும் சேவைகள் இரு மாநிலங்களிலும் உண்டு. ஆங்கிலம் தடையாயின் 131 450 என்ற இலக்கத்தில் உரைபெயர்ப்பாளரை நாடலாம். நாம் கூறிய குடும்பமும் இறுதியில் அறிவித்தது. நீர்ப்பெட்டித் திருத்தத்தின் செலவை வீட்டுக்காரரே ஏற்றார். எவரும் எழும்பச் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். எந்தக் காரணத்திற்காகவும் தொட்டிக்குள் இறங்கவோ, தலையை உள்ளே நீட்டவோ வேண்டாம். அங்கே தேங்கும் நச்சுவாயு சில நொடிகளில் மயக்கும். காப்பாற்ற இறங்கியவரும் உடன் மாண்ட துயரம் தமிழகத்தில் எத்தனையோ முறை நிகழ்ந்துள்ளது. வெடித்த மூடியின்மேல் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். தொட்டி எங்கே புதைந்துள்ளது, அதன் மூடி உறுதியாக உள்ளதா என்பதை அறியாத குடும்பங்கள் இன்று மாலையே வளவைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்க்கட்டும்.