புலி நிற்கும் வேலைக்காட்டுக்குப் பெரட்டா?



தோட்டத்து எல்லையில் புலி நடமாடுகிறது என்று சேதி வந்தால் நிர்வாகம் என்ன செய்கிறது? ஆபீஸ் பலகையில் ஒரு நோட்டீஸ் ஒட்டுகிறது. 'கவனமாக இருங்கள், தனியாகப் போகாதீர்கள், விடியுமுன் நடமாடாதீர்கள்.' மறுநாள் விடியுமுன் அதே நிர்வாகம் பெரட்டுக்கு ஆள் கூப்பிடுகிறது. ஆளுக்கொரு நிரை பிரித்து, தனித்தனியாக அனுப்புகிறது. நோட்டீஸை நம்புவதா, பெரட்டை நம்புவதா?

இந்தக் கேள்வியைப் பிறரைப் பார்த்து மட்டும் நாம் கேட்கவில்லை. நம்மையும் பார்த்துத்தான் கேட்கிறோம். நாம் கிராணி வேலை பார்க்கும் தோட்டத்தில், காட்டை ஒட்டிய வெட்டில் ஓடைக்கரைச் சேற்றில் ஓர் அம்மாள் தடம் கண்டார். பெரட்டில் வந்து சொன்னார். "நாய்த் தடமாக இருக்கும், போய் வெட்டச் சொல்" என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. "நாயென்றால் நகம் பதிஞ்சிருக்குமே ஐயா, இதிலே நகமே இல்லையே" என்றார் அந்த அம்மாள். முப்பது வருஷம் காட்டோரத்தில் பால் வெட்டியவருக்கு நாய்க்கால் எது, புலிக்கால் எது என்று தெரியாதா? அன்று அவர் காண்டாவைத் தூக்கவில்லை. "கிராணியாரே, என் பேரை வெட்டாதீங்க, சோம்பேறித்தனத்துக்கு நான் நிக்கல" என்றார். ஆனால் செக்ரோலில் 'வரவில்லை' என்று எழுதியது யார்? நம் கைதான் எழுதியது. இரண்டு நாள் கழித்து வனவிலங்கு இலாகாவினர் வந்து தடத்தை அளந்து, புலிதான் என்றார்கள். அந்த அம்மாளின் ஒரு நாள் கூலி திரும்பி வரவில்லை. அந்த வெட்கம்தான் இன்று இதை எழுத வைக்கிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மலைச்சிங்கம் என்றொரு மிருகம் உண்டு. பூமா என்றும் சொல்வார்கள். ஊர் பெருகி மலையடிவாரம் வரை வீடுகள் ஏறிவிட்டதால், ஜனங்கள் உலாவும் பாதைகளிலும் கூடாரம் அடித்துத் தங்கும் இடங்களிலும் அது கண்ணில் படுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குள் உள்ள கிரிஃபித் பூங்காவிலேயே ஒன்று, 'பி-22' என்ற எண்ணோடும் கழுத்துப் பட்டையோடும் 2012 முதல் 2022 வரை வாழ்ந்தது. அங்கே மனிதன் சாவது அபூர்வம். 2024 மார்ச்சில் ஓர் இளைஞர் பலியானார். அதற்கு முன் அந்த மாநிலத்தில் மலைச்சிங்கத்தால் உயிர்ச்சேதம் நேர்ந்தது 2004-ல்.

அங்கே சொல்லப்படும் புத்திமதியைக் கேளுங்கள். விடியற்காலையிலும் அந்தியிலும் தனியாகப் போகாதே. முதுகைக் காட்டாதே. ஓடாதே. குனியாதே, உட்காராதே, நிமிர்ந்து நின்று உன்னைப் பெரிதாகக் காட்டு. ஆபத்து நெருங்கியதாகத் தெரிந்தால் பாதையையே சில நாள் மூடிவிடுகிறார்கள். உலாவ வந்தவர் வீட்டுக்குத் திரும்பிப் போகிறார். அவருக்கு என்ன நஷ்டம்? ஒரு நாள் பொழுதுபோக்கு.

இப்போது நம் பால்வெட்டுத் தொழிலாளியைப் பாருங்கள். விடியுமுன் போகிறார், தனியாகப் போகிறார். கீழ்ப்பட்டை வெட்டு என்றால் மரத்துக்கு மரம் குனிகிறார். கண் கத்தியின் மேல், முகம் மரத்தின் பக்கம், முதுகு காட்டின் பக்கம். நெற்றி விளக்கு வெளிச்சம் அதிக தூரம் போகாது. எதையெல்லாம் செய்யாதே என்று மலைச்சிங்க நாட்டில் சொல்கிறார்களோ, அதையெல்லாம் வரிசையாகச் செய்வதற்குத்தான் இங்கே கூலி!

ஏன் விடியுமுன்? தொழிலாளியின் ஆசையா அது? இல்லை. இரவில் மரத்துக்குள் நீரழுத்தம் ஏறி நிற்கும். அப்போது வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழுத்துக்கொள்ளும், அழுத்தம் தாழும், பால் சீக்கிரம் நின்றுபோகும். ஆகவே அந்த இருட்டு நேரம் பாலுக்காக. பால் கம்பெனிக்காக. ஆபத்து மட்டும் தொழிலாளிக்கா?

இது வெறும் பயமுறுத்தல் அன்று. 2023-ம் வருஷத்தின் கடைசி மாதங்களில் கிளந்தான் குவா மூசாங் வட்டாரத்தில் புலி அடித்துச் சிலர் அடுத்தடுத்து மாண்டார்கள். மாண்டவர்கள் யார்? காட்டின் ஆதிகுடிகளான ஒராங் அஸ்லி மக்களும், பிழைக்க வந்த அயல்நாட்டுத் தொழிலாளரும். துரைமாரின் பங்களாவுக்குப் புலி வந்ததாகச் சேதி இல்லை. அடர்ந்த காட்டோரத்தில் யார் நிற்கிறானோ, அவன்தான் அகப்படுகிறான். அங்கே நிற்பவன் எப்போதும் ஏழை.

சரி, புலி ஏன் வந்தது? அதையும் கேட்கத்தான் வேண்டும். நம்மில் சிலர், "கண்ட இடத்தில் சுட்டுத் தள்ளு" என்கிறார்கள். நாம் அதற்கு உடன்பட மாட்டோம். 1950-களில் மலாயாவில் 3,000 புலிகள் இருந்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு, மிஞ்சியிருப்பது 150-க்கும் குறைவு என்று சொல்லிற்று. புலி பெருகியதால் தோட்டத்துக்கு வரவில்லை. இருக்க இடமற்றுப்போய் வருகிறது. நிரந்தரக் காப்புக் காடு என்று பெயரிட்ட நிலத்திலேயே மரத்தை வெட்டிச் சாய்த்து, 'காட்டுத் தோட்டம்' என்று புதுப்பெயர் சூட்டி, ரப்பரை நட்டார்களே, கிளந்தானில் அது நடந்ததை நாடறியும். புலியின் வீட்டை இடித்து நம் வேலைக்காடு ஆக்கியவர்கள் ஒரு பக்கம். இரையாகும் காட்டுப்பன்றிகளைக் கொன்ற ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மறு பக்கம். மானும் பன்றியும் குறைந்த காட்டிலிருந்து பசித்த புலி வெளியே வராமல் என்ன செய்யும்? ஓடிப்போனால் சாலை. 2016 பிப்ரவரியில் கிழக்குக் கரை நெடுஞ்சாலையில், வயிற்றில் குட்டிகளோடு ஒரு பெண்புலி வாகனம் மோதிச் செத்தது. நாட்டின் சின்னத்தில் இரு புறமும் நிற்கும் மிருகத்துக்கு நாம் கொடுத்த மரியாதை இது!

நம் குற்றத்தையும் மறைக்காமல் பேசுவோம். பன்றிக்கென்று எல்லையோரம் கம்பிக் கண்ணி வைப்பவர்கள் நம் லயங்களிலும் உண்டு. கண்ணிக்குப் பன்றி, புலி என்ற பேதம் தெரியாது. கால் அறுந்த புலி மானை விரட்ட முடியாமல், மாட்டையும் மனிதனையும் தேடும். நீ வைத்த கண்ணி உன் பக்கத்து நிரைக்காரியின் உயிரைக் குடிக்கக்கூடும். சட்டமும் சும்மா விடாது: 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டத்தில் கடுங்குற்றங்களுக்கு 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் 15 வருஷம் வரை சிறையும் உண்டு. மாட்டை இரவெல்லாம் அவிழ்த்துவிட்டு மேயவிடுவதும் புலிக்கு விருந்து வைப்பதுதான். இந்த இரண்டையும் இன்றோடு நிறுத்த வேண்டும். நம் வீட்டைச் சுத்தம் செய்தால்தான் நிர்வாகத்தைக் குரல் உயர்த்திக் கேட்க முடியும்.

இனி நிர்வாகத்தின் வாதத்துக்கு வருவோம். "புலித்தடம் என்று ஒருவன் சொன்னதற்கெல்லாம் வெட்டை நிறுத்தினால் தோட்டம் என்னாவது?" என்கிறார்கள். நாம் ஒன்று கேட்கிறோம். மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்டை நிறுத்துகிறீர்களே, அப்போது தோட்டம் என்னாயிற்று? நனைந்த பட்டையில் வெட்டினால் பால் வழிந்து வீணாகும், மரத்துக்கும் கேடு என்று நிறுத்துகிறீர்கள். மரத்துக்குக் கேடு என்றால் வேலை நிற்கும். மனிதனுக்குக் கேடு என்றால் நிற்காதா? மரத்தைவிட மனிதன் மலிவா?

"பொய் சொல்லி வேலைக்கு மட்டம் போடுவார்கள்" என்று இன்னொரு வாதம். பொய்யா மெய்யா என்று பார்க்க வழியில்லையா? மண்டோரும் தொழிலாளர் பிரதிநிதியும் சேர்ந்து போய்த் தடத்தைப் பார்க்கட்டும், இலாகாவுக்குச் சொல்லட்டும். பொய்யென்றால் மறுநாளே வெட்டு தொடங்கும். மெய்யென்றால் ஓர் உயிர் மிஞ்சும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1994-ம் வருஷத்து வேலைப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி அபாயம் உண்டென்று நம்பத் தக்க காரணம் இருந்து, அதை முதலாளிக்குத் தெரிவித்தும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. விலகியதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. அந்தச் சட்டத்தில் 'புலி' என்ற சொல் இல்லையே என்று யாரும் வாதாட வேண்டாம். வேலையிடத்து அபாயம் என்று இருக்கிறது. ஈரமான புலித்தடத்தைவிட உடனடியான அபாயம் வேறு எது? 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்பதும் சட்டம். உங்கள் தோட்டத்தில் அந்தக் குழு இருக்கிறதா? கடைசியாக எப்போது கூடியது? கேளுங்கள்.

அயல்நாட்டுத் தோழர்களை மறந்துவிடக் கூடாது. 2019 ஜனவரி 1 முதல் சட்டப்படி வேலை செய்யும் அயல்நாட்டாருக்கும் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. ஆனால் பெயர் பதியாதவனுக்கு ஏது பாதுகாப்பு? புலி பாஸ்போர்ட்டைப் பார்த்து அடிப்பதில்லை. நோட்டீஸ் புரியாத பாஷையில் இருந்தால், அதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது பக்கத்து நிரைக்காரரான நம் கடமை.

ஆகவே நாம் கேட்பவை இவை:

1. தடம் கண்ட வெட்டில் உடனே வேலை நிற்க வேண்டும். அந்த நாள் கூலி குறையக் கூடாது. வேறு வெட்டில் வேலை கொடுத்தால் அதையும் ஏற்போம்.

2. காட்டை ஒட்டிய வெட்டுகளில் நன்றாக விடிந்த பிறகே வேலை தொடங்க வேண்டும். இருவர் இருவராகப் போக வேண்டும். அதனால் பால் குறைந்தால் அந்த நஷ்டம் தொழிலாளியின் தலையில் விழக் கூடாது.

3. எல்லையோரப் புதரையும் லாலாங்கையும் நிர்வாகம் தன் செலவில் வெட்டி வைக்க வேண்டும்.

4. சேதி வந்த அன்றே வனவிலங்கு இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். மிருகத்தைப் பிடிப்பதும் அகற்றுவதும் அவர்கள் வேலை. துப்பாக்கி தூக்குவது நம் வேலையன்று.

5. அபாயம் சொல்லி நின்ற தொழிலாளியைச் செக்ரோலில் 'வரவில்லை' என்று எழுதக் கூடாது.

ஐந்தாவது கோரிக்கை நிர்வாகத்துக்கு மட்டுமல்ல, கிராணிமாராகிய நமக்கும் சேர்த்துத்தான். சகோதரக் கிராணிமார்களே! பேனா நம் கையில் இருக்கிறது. மேலிடத்து உத்தரவு என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வது எளிது. ஆனால் நாம் ஆபீஸ் விளக்கடியில் உட்கார்ந்து ஒரு கோடு கிழிக்கும் நேரத்தில், அந்தக் கோட்டுக்குப் பயந்து ஓர் அம்மாள் இருட்டில் ஓடையைத் தாண்டிப் போகிறார். இனி ஒரு முறை நம் தோட்டத்தில் தடம் கண்டால், 'அபாயத்தால் நிறுத்தம்' என்று எழுதி, தேதியிட்டு, ஒரு நகலைச் சங்கத்துக்கு அனுப்புவோம். வருவது வரட்டும். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதையே முதல் தீர்மானமாக வைப்போம்.