நுழைவுத் தேர்வும் சரஸ்வதி கடாட்சமும்



பரீட்சைக் காலம் வந்துவிட்டால் நமது மதுரைக் கோவில்களுக்குக் கொண்டாட்டந்தான். ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் சாமி காலடியில் வைத்து அர்ச்சனை செய்துகொண்டு பிள்ளைகள் பரீட்சைக்குப் போகிறார்கள். மார்க்கு வந்தால் சரஸ்வதி கடாட்சமாம், வராவிட்டால் தலையெழுத்தாம். இதில் சாமிக்கு ஒரு நாளும் நஷ்டமில்லை. நஷ்டமெல்லாம் நம் பிள்ளைகளுக்குத்தான்.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கென்று 2022-ம் வருஷம் முதல் க்யூட் என்கிற நுழைவுத் தேர்வு நடத்துகிறார்கள். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திற்கும் இதுவே வாசல். தமிழ் உள்பட 13 பாஷைகளில் எழுதலாம். அதன் மொழித்தாளில் முக்கியமான பாகம், ஒரு பத்தியைக் கொடுத்து, படித்துப் பதில் சொல் என்பதேயாகும். 2025-ல் ஏற்பட்ட திட்டப்படி 50 கேள்விகளுக்கு 60 நிமிஷம். அதாவது, பத்தி படிக்கும் நேரத்தையும் சேர்த்துக் கேள்வி ஒன்றுக்கு 72 விநாடி. சரிக்கு 5 மார்க்கு. தப்புக்கு 1 மார்க்குப் பிடித்தம். சட்டப் படிப்புக்கான கிளாட் பரீட்சையையும் 2020 முதல் பத்தி படிக்கும் பரீட்சையாகவே மாற்றிவிட்டார்கள். அதுவும் இங்கிலீஷில் மாத்திரம்.

க்யூட் கூடாதென்று 2022 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபை தீர்மானம் செய்தது. அந்தப் போராட்டம் நடக்க வேண்டியதுதான். ஆனால், இந்த வருஷம் பரீட்சை எழுதப் போகிற பிள்ளைக்கு என்ன வழி?

பத்தியோ புதிது. நெட்டுருப் போட்டது அங்கே செல்லாது. இங்கேதான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். மூளை குறைவா? இல்லவே இல்லை! அர்த்தம் தெரியாத மந்திரத்துக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்வதும், அர்த்தம் தெரியாத நோட்ஸை வாத்தியாரிடம் ஒப்புவிப்பதும் ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகள். "இதற்கு என்ன பொருள்?" என்று கேட்டவனை அங்கே நாஸ்திகன் என்றார்கள், இங்கே அதிகப்பிரசங்கி என்கிறார்கள். கேட்கவே விடாமல் வளர்த்துவிட்டு, பொருள் விளங்கவில்லையே என்று அழுவதில் என்ன பயன்?

தலைமுறை தலைமுறையாகப் பத்திரிகையும் புஸ்தகமும் புழங்குகிற வீட்டுப் பிள்ளை சுலபமாகப் பதில் எழுதினால், அதைப் பிறவி ஞானம் என்கிறார்கள். அது பிறவியுமல்ல, ஜாதியுமல்ல, வெறும் பழக்கம். பழக்கமென்றால் மேலூர்க் கூலிக்காரர் மகளுக்கும் அது வரும்.

வழி சொல்லுகிறோம். தினம் ஒரு தலையங்கம் படி. பத்திரிகையை மூடிவிட்டு, அதன் கருத்தை இரண்டு வாக்கியத்தில் சொந்த வார்த்தையில் சொல். சொல்ல வரவில்லையானால் விளங்கவில்லை என்று அர்த்தம், திரும்பப் படி. தெரியாத வார்த்தையை முன்பின் வாக்கியங்களைக் கொண்டு ஊகித்து, பிறகு அகராதி பார். பதில் குறிக்கும் முன், "இதற்குப் பத்தியில் ஆதாரம் எந்த வரி?" என்று கேள். உலகத்தில் உண்மையாயிருந்தாலும் பத்தியில் இல்லாதது பதிலாகாது. பாதி உண்மையும் பதிலாகாது. பத்தி "சிலர்" என்றால் "எல்லோரும்" என்கிற விடை தப்பு. யார் சொன்னாலும் ஆதாரம் கேட்பதுதானே பகுத்தறிவு? அதற்குத்தான் இங்கே மார்க்கு.

இதற்குச் செலவு என்ன? 1948-லேயே சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம். 2023 ஜூலை 15-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் தல்லாகுளத்திற்குப் பக்கத்தில், புது நத்தம் சாலையில்தான் நிற்கிறது. அழகர் எதிர்சேவைக்கு லட்சக்கணக்கில் தல்லாகுளத்தில் கூடுகிற நாம், அந்தப் படியை எத்தனை பேர் மிதித்தோம்?

அர்ச்சனைத் தட்டுக் காசுக்கு ஒரு பத்திரிகை வாங்குங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, "என்ன சொல்லியிருக்கிறான்?" என்று தினம் ஒரு கேள்வி கேளுங்கள். சரஸ்வதி செய்யாத வேலையை அந்த ஒரு கேள்வி செய்யும்.