யுரேனியத்துக்குப் போட்ட பூட்டு

‘அணுசக்திக்கு ஒரு சர்வதேச முகமை இருப்பதுபோல் செயற்கை நுண்ணறிவுக்கும் ஒன்று அமைத்தால் ஆபத்து அடங்கிவிடும்’ என்கிறார்கள். நல்லெண்ணம்தான், கணக்குதான் உதைக்கிறது.

1. 1957இல் பிறந்த அந்த முகமை கண்காணிப்பது யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும். எடை போடலாம், முத்திரை வைக்கலாம். ஆனால் சீன நிறுவனமான டீப்சீக், ஆர்1 என்ற தன் செயற்கை நுண்ணறிவு மாதிரியை 2025 ஜனவரியில் எவரும் பதிவிறக்கும்படி வெளியிட்டது. இனி எந்த ஆய்வாளர் எதற்கு முத்திரை வைப்பார்?

2. முகமை இருந்தும் என்ன? அது கண்காணிக்கும் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து வட கொரியா 2003இல் விலகுவதாக அறிவித்தது. 2006இல் குண்டைச் சோதித்தது.

3. 2025 பிப்ரவரியில் பாரிஸில் நடந்த செயற்கை நுண்ணறிவு மாநாட்டின் அறிக்கை சட்டப்படி எவரையும் கட்டுப்படுத்தாதது. அதிலேயே அமெரிக்காவும் பிரிட்டனும் கையெழுத்திடவில்லை. வெறும் காகிதத்துக்கே கைநீட்டாதவர்கள், ஆய்வாளருக்குக் கதவைத் திறப்பார்களா?

4. வேலை பறிபோவதும், கணினி கடனை மறுப்பதும், போலிக் காணொளி பரவுவதும் அன்றாடத் தீங்குகள். இவற்றைத் தடுப்பவை உள்நாட்டுச் சட்டமும் நீதிமன்றமும். அணுசக்தி முகமையைப் போல வியன்னாவில் அமரும் அதிகாரி இதில் என்ன செய்வார்?

முகமை வரட்டும். அதுவரை உள்ளூரில் சட்டம் இயற்றாமலிருக்க அதையே சாக்காக்க வேண்டாம்.