இலிஷும் இறாலும்

கொல்கத்தாவின் கால்பந்து அணிகளான ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ரசிகர்களின் பற்று வெறும் வெறிதான் என்பவர்கள், 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் இவ்விரு அணிகளின் ஆட்டத்தின்போது 16 பேர் மாண்டதைச் சான்றாக வைக்கிறார்கள். அந்தச் சாவுகளை மழுப்பக் கூடாது. ஆனால் அதைக் கொண்டு முழு உறவையும் எடைபோடுவது அவசரத் தீர்ப்பு. ஜெயித்தால் ஒரு தரப்பு இலிஷ் மீன் வாங்கும், மறு தரப்பு இறால் வாங்கும். பெரும்பாலான நாட்களில் இந்தப் பகை சமையலறைக் கிண்டலோடு சரி.

2024 ஆகஸ்டில், கொல்கத்தாவின் ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்ட சில நாட்களில், பாதுகாப்பைக் காரணம் காட்டி இவ்விரு அணிகளின் டூரண்ட் கோப்பை ஆட்டத்தை ரத்து செய்தார்கள். இரு தரப்பினரும் சால்ட் லேக் மைதானத்தின் முன் ஒன்றாக நின்று நீதி கேட்டார்கள். அது விதிவிலக்கு என்பீர்கள். அப்படியானால் 1980 மட்டும் எப்படி விதியாகும்? வெறியர்கள் என்று நீங்கள் சொல்லும் அவர்கள் மீதுதான், நீதி கேட்ட அன்று, போலீஸ் தடியடி நடத்தியது.